ஐந்து பனை உயர மலையும் ஆனிக்குள் வற்றும் ஏரியும்

யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓய்வுபெறும் வரை புவியியல் படிப்பித்தவன் நான். பனியாறு, பனி குடைந்த பள்ளத்தாக்கு, உயர்மலை ஏரி எல்லாவற்றையும் வெண்கட்டியால் கரும்பலகையில் கீறிக் காட்டியிருக்கிறேன். ஒன்றையும் நேரில் கண்டதில்லை. எங்கள் குடாநாட்டில் நான் ஏறிய உயரமான இடம் எது என்று யாராவது கேட்டால் பள்ளிக்கூடத்து மேல்மாடி என்றுதான் சொல்லவேண்டும். கீரிமலை என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே போனால் கடல் இருக்கும், மலை இருக்காது. இப்படிப்பட்ட எனக்குத் தங்கை மகள் அபிராமி தொலைபேசியில் ஆசை காட்டினாள்.

"மாமா, நீங்கள் டென்மார்க் வந்தால் உங்களை மலைக்குக் கூட்டிக்கொண்டு போறம். அங்க ஒரு ஏரி இருக்கு. மாரியில நிரம்பி வசந்தம் முழுக்க நிக்கும். கோடை வர வத்திப்போயிடும். கெதியா வாங்கோ."

நான் போனது ஏரி பார்க்க அல்ல. என் தங்கை வசந்தி டென்மார்க்கில் விபோர்க் என்கிற ஊரில் இருக்கிறாள். அவளுடைய கணவர், என் மச்சான், நாலு வருடத்துக்கு முன் தவறிவிட்டார். ஒரே மகள் அபிராமி ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள். அவளுக்கும் ராஸ்முஸ் என்கிற டேனிஷ்காரப் பையனுக்கும் ஆனி மாதம் கலியாணம். மணவறையில் பெண்ணின் கையை மாப்பிள்ளையின் கையில் வைத்து, தண்ணீர் ஊற்றித் தாரை வார்த்துக் கொடுப்பது தகப்பனின் வேலை. தகப்பன் இல்லாத இடத்தில் தாய்மாமன். அந்தத் தாய்மாமன் நான்.

இதற்காக ஒரு பட்டு வேட்டி வாங்கினேன். வாங்கினதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சந்தையில் கண்டவர், சங்கக்கடையில் கண்டவர், பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் பக்கத்தில் இருந்தவர் என்று ஒருவரையும் விடாமல், "டென்மார்க்கில மருமகளைத் தாரை வார்க்கப் போறன்" என்று சொல்லிவிட்டேன். கேட்ட பிறகு சொன்னேன் என்றால் பொய். ஒருவரும் கேட்கவில்லை.

இந்தச் சடங்கைக் கணவனும் மனைவியுமாகச் செய்வதுதான் முறை. என் மனைவிக்கு விசா மறுத்துவிட்டார்கள். டென்மார்க்கில் கலியாணத்தை நடத்திவைக்கும் ஐயரிடம் கேட்டதற்கு, "அம்மா வராட்டில் என்ன, பக்கத்தில ஒரு தர்ப்பையை வைச்சுச் செய்யலாம்" என்றார். வீட்டில் இதைச் சொன்னேன். "நல்லது, அது உங்களோட வாய் காட்டாது" என்று சொல்லிவிட்டு மனைவி குசினிக்குள் போய்விட்டாள்.

ஓகூஸில் அபிராமியின் வீட்டுக்கு வந்து சேர்ந்த அன்றே மலைக்கான சாமான்களைப் பரப்பி வைத்தேன். குரங்குத் தொப்பி, கம்பளிச் சட்டை இரண்டு, வேர்க்கொம்புக் கோப்பித்தூள், தைலம், திருநீறு, விளையாட்டுப் போட்டியில் ஊதுகிற விசில், நைலோன் கயிறு ஒரு சுருள். ராஸ்முஸ் கயிற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, "இது எதற்கு, சிவா?" என்று ஆங்கிலத்தில் கேட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். என் பெயர் சிவஞானம். மாணவர்களுக்குச் சேர், ஊருக்கு மாஸ்டர். சிவா என்று என்னைக் கூப்பிட்டவர் என் தகப்பனார் ஒருவர்தான். இந்த நாட்டில் பிரதமரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். முதல் தரம் கேட்டபோது என்னையறியாமல் எழும்பி நின்றுவிட்டேன்.

ராஸ்முஸுக்கு வேலை பாலர் பள்ளியில். ஆறடிக்கு மேல் உயரம். நாள் முழுக்க மூன்று வயதுப் பிள்ளைகளை மேய்க்கிறவன். என்னை மேய்ப்பதற்கும் அதற்கும் அவனுக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததாகச் சொல்ல முடியாது. வெளியே இறங்கும்போது குனிந்து என் மேற்சட்டையின் சிப்பை இழுத்துப் பூட்டிவிட்டான். பிறகுதான் யோசித்துவிட்டு மன்னிப்புக் கேட்டான்.

"கயிறு மலைக்கு" என்றேன். "அங்கே மேலே போனால் மூச்சுத் திணறுமா? ஒட்சிசன் குறையுமா? எவ்வளவு உயரம்?"

"நூற்று முப்பத்தேழு."

"நூற்று முப்பத்தேழு என்ன?"

"மீற்றர்" என்றான் பாவம், மெதுவாக.

நான் மனதுக்குள் பனைமரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தேன். ஐந்து வந்தது. இதை மலை என்று சொல்ல வாய் கூசவில்லையா என்று கேட்க வாயெடுத்தேன். கீரிமலை ஞாபகம் வந்தது. கயிற்றைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினோம். நாங்கள் போன இடத்துக்கு மொல்ஸ் மலைகள் என்று பெயர். ஓகூஸிலிருந்து கடலைச் சுற்றிக்கொண்டு பஸ் போகிறது. உள்ளே மயான அமைதி. எங்கள் ஊர் மினிபஸ்ஸில் பாட்டும் நடத்துநரின் கத்தலும் இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்று நினைக்கிறவர்கள் நாங்கள். இங்கே சாரதி வாய் திறக்கவில்லை, பயணிகள் வாய் திறக்கவில்லை. முதுகுப் பையோடு கம்பியில் சாய்ந்து நின்று வெளியே பச்சை வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ் ஒவ்வொரு தரிப்பிடத்திலும் நின்றது. கதவு திறக்கும். ஒருவரும் இறங்கமாட்டார்கள். ஒருவரும் ஏறவும் மாட்டார்கள். கதவு மூடும். இந்த நாட்டில் மரியாதைக்காக நிற்பாட்டுகிறார்கள் போலும், என்ன பண்பாடு என்று வியந்தேன். இப்படி ஏழெட்டுத் தரம் நடந்த பிறகு, முன் இருக்கையில் இருந்த ஒரு வயதான பெண்மணி அபிராமியிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். அபிராமி வாயைப் பொத்திக்கொண்டு என் தோளைப் பிடித்து முன்னுக்கு இழுத்தாள்.

"என்னவாம்?" என்றேன்.

"உங்கட பைக்கு இறங்க விருப்பம் போல எண்டு சொல்லுறா."

இறங்குகிறவர்கள் அமத்துவதற்கென்று கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானை என் முதுகுப் பை அத்தனை நேரமும் அமத்திக்கொண்டு வந்திருக்கிறது. பஸ் பிந்திவிட்டது. அவ்வளவு பேரும் வேலைக்கோ வீட்டுக்கோ போகவேண்டியவர்கள், ஆனாலும் ஒருவர் முகம் சுளிக்கவில்லை. எங்கள் ஊர் என்றால் முதலாவது தரிப்பிடத்திலேயே என் பரம்பரையை இழுத்திருப்பார்கள். எது நல்லது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. திட்டு வாங்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

நடக்கத் தொடங்கியதும் நாடே மாறிவிட்டது. பஸ்ஸில் ஊமையாக இருந்த அதே சனம் மலைப்பாதையில் எதிரே வரும்போது ஹாய், ஹாய் என்று சிரித்துக்கொண்டு போகிறது. நான் அந்த ஹாயை நம்பிவிட்டேன். எதிரே வந்த ஒரு தம்பதியை நிற்பாட்டி, எங்கிருந்து வருகிறீர்கள், எத்தனை பிள்ளைகள், எல்லோரும் கலியாணம் கட்டிவிட்டார்களா என்று என் ஆங்கிலத்தில் விசாரித்தேன். அவர்கள் மாறிமாறி முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்கள். இரண்டாவது மகன் விவாகரத்து என்பது வரை வந்துவிட்டது. ராஸ்முஸ் வந்து என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனான்.

மலை சின்னது என்று சிரித்தேன் அல்லவா? ஏறத் தொடங்கிய பிறகுதான் தெரிந்தது, ஐந்து பனை ஐந்து பனைதான். ஆயுள் முழுவதும் தட்டையான தரையில் நடந்த கால்களுக்கு மேடு என்றால் என்னவென்றே விளங்கவில்லை. நாலு எட்டு வைப்பேன், திரும்பி நின்று இயற்கையை இரசிப்பதுபோல மூச்சு வாங்குவேன். மஞ்சள் பூப் பற்றைகள், தூரத்தில் கடல், நல்ல காற்று. இயற்கையை அன்றைக்கு நான் இரசித்த அளவுக்கு வேறு எவரும் இரசித்திருக்க மாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பாலர் பள்ளிக் கூட்டம் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு என்னைக் கடந்து உச்சிக்கு ஓடியது. ஒரு பெண்குழந்தை நின்று என்னிடம் ஏதோ கேட்டது.

"உங்கட அம்மா எங்க எண்டு கேக்குது" என்றாள் அபிராமி.

உச்சியில் மதியச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை நான் மச்சமாமிசம் தொடமாட்டேன் என்பதை ராஸ்முஸ் முன்னமே விசாரித்து வைத்திருந்தான். கறுத்த பாண் துண்டில் வெண்ணெய் பூசி, அவித்த உருளைக்கிழங்கை வட்டமாக வெட்டி அடுக்கி, மேலே வெங்காயத்தாள் தூவியிருந்தான். பாணுக்குள் கிழங்கு வைத்துத் தின்பது சோற்றுக்குச் சோறே கறி என்பது போல இருந்தாலும், பசிக்கு நன்றாகத்தான் போனது. மாப்பிள்ளைக்கு மனதுக்குள் ஒரு புள்ளி போட்டேன். பிறகு அவன் நீட்டிய கறுப்பு இனிப்பில் அந்தப் புள்ளியைக் குறைத்தேன். இனிப்பு என்று வாயில் போட்டால் உப்பு. உப்பென்றால் அப்படி உப்பு. துப்பவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல், கைலேஞ்சியால் முகத்தைத் துடைக்கிற சாட்டில் அலுவலை முடித்தேன்.

பின்னேரம் மாடுகள் வந்தன. படலையைத் திறந்துகொண்டு ஒரு மேய்ச்சல் நிலத்துக்குள்ளால் போகவேண்டும். அங்கே பாதையை மறித்துக்கொண்டு சடை வளர்ந்த கறுப்பு மாடுகள் நின்றன. கயிறு இல்லை, மணி இல்லை, மேய்க்க ஆளில்லை. ராஸ்முஸ் சுற்றிப் போவோம் என்றான். "மாட்டைப் பற்றி யாழ்ப்பாணத்தானுக்குச் சொல்லித்தாறியோ" என்று கையை உயர்த்தி, "ஹை, ஹை" என்று அதட்டிக்கொண்டு போனேன். டேனிஷ் மாடு. அதட்டலை அது அழைப்பாக எடுத்துக்கொண்டது. முன்னால் நின்றது என்னை நோக்கி நடந்தது, பின்னால் மற்றவையும் வந்தன. நான் வேலியில் ஏறிய வேகத்தை என் உடற்பயிற்சி ஆசிரிய நண்பர் கண்டிருந்தால் கண்ணீர் விட்டிருப்பார். காலில் போட்டிருந்த களிசான் வேலியில் மாட்டிக் கிழிந்த சத்தம் மாடுகளுக்கே கேட்டிருக்கும், அவை திரும்பிப் போய்விட்டன.

இரவு தங்க மூன்று பக்கமும் பலகை அடித்து ஒரு பக்கம் திறந்த கொட்டில் ஒன்று காட்டோரமாக இருந்தது. யார் வேண்டுமானாலும் தங்கலாமாம். மணி எட்டுக்கும் வெயில் எறித்தது. ராஸ்முஸ் நெருப்பு மூட்டி, பிசைந்த மாவைத் தடிகளில் பாம்பு போலச் சுற்றி, ஆளுக்கொன்று கையில் தந்தான். தணலுக்கு மேலே பிடித்துத் திருப்பித் திருப்பிச் சுடவேண்டும். பிறகு தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று போத்தல்களோடு இறங்கிப் போனான். போத்தல்களில் தண்ணீர் நிறைய இருந்ததை நான் கவனித்திருக்கவேண்டும்.

"மாமா, ஒண்டு கதைக்கவேணும். கோவிக்கக் கூடாது" என்றாள் அபிராமி.

"சொல்லு பிள்ளை."

"என்னைத் தாரை வார்த்துக் குடுக்கிறது அம்மாவா இருக்கவேணும்."

நான் தடியைத் திருப்பாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"அம்மாவிட்ட கேட்டனான். புருசன் இல்லாதவள் மணவறையில ஏறக்கூடாது, பிள்ளைக்குக் கூடாது எண்டுறா. எவ்வளவு சொல்லியும் கேக்கிறா இல்லை. கடைசியா, அண்ணை இருக்கேக்க நான் என்னத்துக்கு எண்டு சொல்லிப்போட்டா. நீங்கள் சொன்னால் மட்டும்தான் கேப்பா."

"அது முறையில்லை பிள்ளை. நூறு சனம் வரும். எங்கட ஆக்கள் என்ன கதைப்பினம்?"

"மாமிக்குப் பதிலாத் தர்ப்பையை வைக்கலாம் எண்டு ஐயர் சொன்னவர்தானே?"

"ஓம்."

"ஒரு புல்லுக்கு மணவறையில இடம் இருக்கு. என்ர அம்மாவுக்கு இல்லையோ?"

பள்ளிக்கூடத்தில் பதில் தெரியாத கேள்வி வந்தால், அது பாடத்திட்டத்தில் இல்லை என்று சொல்லித் தப்பிவிடுவேன். இங்கே அதுவும் சரிவரவில்லை. என் தடியில் இருந்த மா கரியாகிவிட்டது. "எனக்கு நித்திரை வருது" என்று சொல்லி, முகத்தில் வெயில் அடிக்க அடிக்கக் குரங்குத் தொப்பியைக் கண்ணுக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு படுத்தேன். நித்திரை வரவில்லை. பலகை முதுகில் குத்துகிறது என்று காலையில் சொன்னேன்.

மறுநாள் யாரோடும் கதைக்காமல் முன்னால் நடந்தேன். கோபம். உண்மையைச் சொன்னால் முறை, சாஸ்திரம் எல்லாம் அந்தக் கோபத்தில் பாதிதான். மீதி பட்டு வேட்டி. மணவறைக்குக் கீழே முன்வரிசையில் சும்மா உட்கார்ந்திருக்கவா அதை வாங்கினேன்? பல்லுப் பிடுங்கப் போன இடத்தில் பக்கத்தில் இருந்தவருக்கு என்ன பதில் சொல்வது? படம் எடுத்து அனுப்பு என்று கேட்டவர் வேறு அவர். அபிராமி பின்னால் இருந்து இரண்டு தரம் கூப்பிட்டாள். காது கேளாதவன் போல நடையை எட்டிப் போட்டேன்.

கோபத்தில் நடக்கிறவனுக்கு வழிகாட்டிக் கம்பங்கள் கண்ணில் படாது. திரும்பவேண்டிய இடத்தில் நேரே போய், முள்ளுப் பற்றைக்குள்ளால் இறங்கி, கிண்ணம் போன்ற ஒரு பள்ளத்துக்குள் வந்து நின்றேன். சுற்றிவரப் புல் மேடு. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. பனியாறு பின்வாங்கும்போது ஒரு பெரிய பனிக்கட்டி மண்ணுக்குள் புதைந்து கிடக்கும். பிறகு ஆறுதலாக உருகும். உருக உருக மேல் மண் கீழே இறங்கிப் பள்ளமாகும். எத்தனை வருடம் இதைக் கரும்பலகையில் கீறியிருப்பேன்! வகுப்பு நித்திரை கொள்ளும், நான் கீறிக்கொண்டே இருப்பேன். இப்போது அதற்குள்ளேயே நிற்கிறேன். கோபத்தை மறந்து, கையை நீட்டி, வெறும் பள்ளத்துக்கு அந்தப் பாடத்தை உரத்து நடத்தினேன். பனிக்கட்டி உருகும் இடம் வந்தபோது ஓர் அடி முன்னுக்கு வைத்தேன். வலது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போனது. காலை இழுத்தேன், கால் வந்தது, சப்பாத்து வரவில்லை. சேற்றுக்குள் கையை விட்டுத் தடவி அதையும் எடுத்தேன்.

சேறு இருந்தால் தண்ணீர் தூரத்தில் இல்லை என்று என் படிப்பு சொன்னது. மேட்டில் ஏறி மறுபக்கம் பார்த்தேன். ஏரி இருந்தது. எங்கள் ஊர்க் கோயில் கேணியிலும் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். நடுவிலே நின்றாலும் நெஞ்சு நனையாது என்று நினைக்கிறேன். தண்ணீர் ஓரத்தில் ஏற்கெனவே பின்வாங்கி, ஈரமான வளையம் ஒன்று விட்டிருந்தது. உள்ளே இருந்து தவளைகள் கத்தின. மாரி மழைக்கு எங்கள் வளவில் கத்துகிற அதே கத்தல், கொஞ்சம் ஒழுங்காக.

கரையில் ஒரு விரிப்பில் என் தங்கை வசந்தி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் சாப்பாட்டுப் பெட்டிகளும் சுடுதண்ணிப் போத்தலும்.

"நீ எப்பிடியடி வந்தனி?" என்றேன்.

"காரில அண்ணை. அந்தா, மரத்துக்கு அங்கால கார் விடுற இடம். சும்மா நடந்து வந்தனான்" என்று சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தாள். "ஐயோ, என்னண்ணை இது கோலம்? களிசானும் கிழிஞ்சிருக்கு."

பஸ், ஐந்து பனை, மாடு, பலகைப் படுக்கை, சேறு எல்லாம் தாண்டி நான் வந்து சேர்ந்த வனாந்தரத்து ஏரிக்கு அவள் வேலைச் சப்பாத்தோடு நடந்து வந்திருந்தாள். விபோர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். அபிராமி வரச்சொல்லியிருந்தாளாம், காலை வேலை முடித்து நேரே வந்தாளாம். என்னை இருத்தி, ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றி என் காலைக் கழுவிவிட்டாள். வேண்டாம் என்றேன். "ஒவ்வொரு நாளும் எத்தனை பேரைக் கழுவுறனான், சும்மா இருங்கோ" என்றாள். பிறகு பெட்டியைத் திறந்தாள். பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, சம்பல். இரண்டு நாள் கிழங்குப் பாணுக்குப் பிறகு அந்த மணத்துக்கே எனக்குக் கண் கலங்கியது. கை கழுவாமல் தின்னத் தொடங்கிவிட்டேன்.

நான் தின்னத் தின்ன அவள் கலியாண அலுவல்களைச் சொல்லிக்கொண்டு வந்தாள். மண்டபம் சரி, சாப்பாட்டுக்கு ஆள் சரி, மேளம் வெளியூரிலிருந்து வருகிறது.

"நான் போய் மண்டபத்தைப் பாத்தனான் அண்ணை. பின்வாசலடியில, குசினிக்குப் போற கதவுக்குப் பக்கத்தில ஒரு கதிரை பாத்து வைச்சிருக்கிறன். இருந்தும் பாத்தனான். மணவறை நல்ல வடிவாத் தெரியுது. முன்னால ஒரு தூண் கொஞ்சம் மறைக்குது, கதிரையை இஞ்சால இழுத்தால் சரி. தாலி கட்டேக்க ஆக்கள் எழும்பினாலும் தெரியும். ஒருத்தருக்கும் இடைஞ்சல் இல்லை."

மெனக்கெட்டுக் கண்டுபிடித்த நல்ல இடம் ஒன்றைச் சொல்கிற சந்தோஷத்தோடு சொன்னாள். நான் பிட்டுப் பெட்டியைக் கீழே வைத்தேன். தன் பிள்ளையின் கலியாணத்தைப் பார்க்கத் தோதான ஒரு மூலையை, தனியாக அவ்வளவு தூரம் போய், இருந்து, எழும்பி, தூணை அளந்து தேடி வைத்திருக்கிறாள். நான் பட்டு வேட்டிக்காக முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறேன். அவளைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. சாம்பல் நிறச் சட்டை. மச்சான் போன நாளிலிருந்து இப்படித்தான், சாம்பலும் மங்கல் நீலமும்.

"வசந்தி, நான் தாரை வார்க்க மாட்டன்" என்றேன்.

அவள் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டாள். "ஏனண்ணை? பொடியனைப் பிடிக்கேல்லையோ?"

"பொடியன் தங்கமான பொடியன். எனக்குச் சிப் பூட்டிவிட்டவன். அதில்லை. நீதான் வார்க்கவேணும்."

"உங்களுக்கென்ன விசரே? ஆக்கள் என்ன சொல்லுவினம்?"

"சொல்லட்டும். என்ர மனுசி இல்லாத இடத்தில தர்ப்பையை வைச்சுச் செய்யலாமெண்டால், மச்சான் இல்லாத இடத்திலயும் வைச்சுச் செய்யலாம். நீ ஏறி இரு. பக்கத்தில மச்சானுக்குத் தர்ப்பை."

"ஐயர் ஓம் எண்டு சொல்ல மாட்டார்."

"ஐயரோட நான் கதைக்கிறன். அவர் மாட்டாரெண்டால் டென்மார்க்கில வேற ஐயர் இல்லையே?"

அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரையில் மேட்டுப் பக்கமாக அபிராமியும் ராஸ்முஸும் வந்துவிட்டார்கள். என்னைத் தேடித் திரிந்திருக்கிறார்கள், இரண்டு பேருக்கும் முகம் சிவந்திருந்தது. தாயின் முகத்தைக் கண்டதும் அபிராமிக்கு விஷயம் விளங்கிவிட்டது. விரிப்பில் வந்து இருந்தாள்.

"நான் அதில கை வைச்சு," என்றாள் வசந்தி, குரல் உடைந்துபோய், "பிள்ளைக்குப் பிறகு ஏதும் நடந்துதெண்டால்? அண்ணை, நான் என்ன செய்வன்?"

அதுதான் விஷயம். ஆக்களும் இல்லை, ஐயரும் இல்லை. அபிராமி தாயின் பக்கம் திரும்பி டேனிஷில் சுருக்கமாக ஏதோ சொன்னாள். வசந்தி அழுதுகொண்டிருந்தவள் அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

"என்ன சொன்னாள்?" என்று ராஸ்முஸிடம் கேட்டேன்.

"உங்கள் கையால் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டுத்தானே வளர்ந்தேன், இன்னும் சாகவில்லையே என்கிறாள்" என்றான் அவன் ஆங்கிலத்தில். சொல்லிவிட்டு அவனும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

ராஸ்முஸ் பிட்டைக் கரண்டியால் சாப்பிட்டுப் பார்த்து, சரிவராமல் கையால் சாப்பிட்டான். சம்பல் உறைத்து மூக்கால் தண்ணி ஓடியது. வசந்தி அவனுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் ஊற்றித் தந்தாள். பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடி, மூடிகளை அழுத்திப் பார்த்து, பைக்குள் அடுக்கினாள். எல்லாவற்றையும் அடுக்கி முடித்த பிறகு, எங்களில் ஒருவரையும் பார்க்காமல் கேட்டாள்.

"அப்ப, நான் என்ன நிறத்தில சேலை கட்டுறது?"

அபிராமி வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி அவளை நிற்பாட்டினேன்.

"உனக்கு என்ன நிறம் விருப்பமோ அது" என்றேன்.

"அரக்கு" என்றாள் வசந்தி, நான் சொல்லி முடிக்கும் முன்னமே.